றுஸ்னா எந்த நாட்டில் இருக்கிறாள்?

"தங்கச்சி குவைத்துலதான் ஈக்குறா. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல மிஸ். என்னோட ஏன் பேசுறா இல்லன்னுதான் தெரியணும்" என்றாள் ஹமீமா.

சிவநந்தினி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். மாத்தளையில் ஒரு கராம்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். காப்புறுதி நிறுவனமொன்றில் பல வருடங்கள் பொய் விபத்துகளைத் துருவிய பிறகு, சொந்தமாகத் தொடங்கியது. இந்த நாற்காலியில் வந்து உட்காருபவர்கள் எதில் சந்தேகமே இல்லை என்கிறார்களோ, அங்கிருந்துதான் அவள் வேலையை ஆரம்பிப்பாள்.

"தங்கச்சி போனத நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல. போன ஆகஸ்ட் ஸ்கூல் லீவுக்கு அவட ரெண்டு புள்ளைகளும் என்னோட வீட்டுல நின்னாங்க. மச்சான் வந்து கூட்டிட்டுப் போனாரு. ஏஜென்சிக்காரன் திடீர்னு வேன் அனுப்பிட்டான், றுஸ்னா போயிட்டான்னு சொன்னாரு. எனக்குப் பெரிய மனவருத்தம். ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாளேன்னு."

"அதுக்கப்புறம்?"

"இங்க வெச்சிருந்த அதே நம்பர்ல வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் வரும். கோல் எடுத்தா எடுக்கவே மாட்டா. வேல செய்ற வீட்டு மேடம் பேச விடுறா இல்ல, எழுதத்தான் ஏலும்னு சொல்றா." ஹமீமா அபாயாவின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானும் அவளும் பேச ஆரம்பிச்சா சோறு அடிப்பிடிக்கும் மிஸ். அப்பிடிப்பட்டவ."

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அம்ஹர் ஹமீமாவின் கைத்தொலைபேசியைக் கையில் வாங்கினான். கண்டி பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன் அவன். இப்போது சிவநந்தினிக்கு ஆட்டோ ஓட்டுவதும், அவளுக்குப் பதிலாகச் சிரிப்பதும் அவன் வேலை.

"நல்லா எழுதியிருக்காங்க. என்னோட வீட்டுல எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் 'வரும்போது வெங்காயம்'. அதுக்கு மேல ஒரு எழுத்து கிடையாது" என்றபடியே விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். ஓரிடத்தில் நிறுத்தி வாசித்தான். "'ராத்தா, இன்டைக்கு வேல கூட. நோன்பு திறக்கிற நேரம் கிட்ட வந்துட்டு. நாளைக்குப் பெருநாள்தானே. புள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தாங்களான்னு கேட்டுப் பாருங்க.'"

"அது பெருநாளைக்கு முந்தின பின்னேரம் வந்தது. நானும் அந்த நேரம் கஞ்சி காச்சிட்டு ஈந்தேன்" என்றாள் ஹமீமா.

"அந்த நேரம் என்னைக் கேளுங்க ராத்தா. கடைசி நோன்பு, கண்ணு சொருகிப் போய்க் கெடக்கேன். கத்தார்ல இருக்கிற என் கூடப்பொறந்த நானா ஒரு சகன் தட்டு நிறையப் புரியாணிய ஃபோட்டோ எடுத்து அனுப்புறான். அவங்களுக்குப் பெருநாள் ஒரு நாள் முந்திருச்சாம். ஒவ்வொரு வருஷமும் இதே அநியாயம்..."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. திரையை மறுபடி பார்த்தான். பிறகு சிவநந்தினியைப் பார்த்தான்.

"குவைத்துலயுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

"குவைத்துலயும் அன்னைக்குத்தான் அக்கா பெருநாள்."

ஹமீமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்றீங்க?"

"அந்த நாடே பெருநாள் கொண்டாடிட்டு இருந்த நாள்ல, உங்க தங்கச்சி நோன்பு திறக்க நேரம் பார்த்துட்டு இருந்ததா எழுதியிருக்கு." சிவநந்தினி எழுந்து ஹமீமாவின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "நீங்களும் நோன்போட இருந்ததால அது உங்களுக்குத் தட்டுப்படல. இத எழுதினவங்க யாரா இருந்தாலும் அன்னைக்கு இந்த நாட்டுலதான் நோன்பு பிடிச்சிருக்காங்க."

ஹமீமா அம்ஹரிடமிருந்து கைத்தொலைபேசியை வாங்கி அந்த மெசேஜைத் தானே மறுபடி வாசித்தாள்.

*

றுஸ்னாவின் ஊர் கொங்கஹவெவ. கலேவெலயிலிருந்து உள்ளே போகும் ஒரு குளத்தங்கரைக் கிராமம். அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள சிவநந்தினி முதலில் தேடிப் போனது பிரதீபாவை. கடந்த குடிசன மதிப்பீட்டில் கொங்கஹவெவயை வீடு வீடாக எண்ணியவள். மாத்தளைப் பெண், அரசாங்க உத்தியோகம், கலேவெலயில் வாடகை அறை. பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த தேநீர்க்கடையில் பிரதீபாவோடு சிவநந்தினியும் அம்ஹரும் உட்கார்ந்தார்கள். ஹமீமா ஆட்டோவிலேயே இருந்துகொண்டாள். தேநீர் இறங்காது என்றாள்.

"ஒரு வீட்டுக்குள்ள சொன்னத நான் வெளியில சொல்ல முடியாதுங்க. சட்டம் அப்படி. வேலையே போயிடும்" என்று பிரதீபா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள்.

"வேணாம். ஊரைப் பத்திச் சொல்லுங்க. அது எல்லாருக்கும் பொதுதானே."

பிரதீபா விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். "நானூறு பேருக்குக் கொஞ்சம் மேல. முக்கால்வாசி முஸ்லிம், மிச்சம் சிங்களவங்க. நம்ம நாட்டுல பொதுவா ஆம்பளைங்கள விடப் பொம்பளைங்க கூட. அந்த ஊர்ல தலைகீழ். அறுபது தாண்டினவங்க நிறைய இருக்காங்க. சின்னப் பிள்ளைங்க நிறைய. இடையில இருபத்தஞ்சுக்கும் நாப்பத்தஞ்சுக்கும் நடுவுல பொம்பளைங்களே இல்லன்னு சொல்லலாம். எந்தக் கதவத் தட்டினாலும் ஒரு ஆம்பளை இல்லாட்டி வயசானவங்கதான் வருவாங்க. 'அம்மா எங்க'ன்னு பிள்ளைங்ககிட்டக் கேட்டா ஆகாயத்தக் காட்டும்."

"ஆகாயத்தையா?" என்றான் அம்ஹர்.

"பிளேன்ல போனாங்களாம்."

அம்ஹர் தேநீர்க் கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"போனவங்கள நீங்க எண்ணுவீங்களா?" என்று கேட்டாள் சிவநந்தினி.

"வெளிநாட்டுல குடியிருக்கிறவங்க கணக்குல வர மாட்டாங்க. வெளிநாடுன்னு சொன்னா அதோட சரி. போனாங்களான்னு சரிபார்க்கிறது எங்க வேல இல்லையே." சொல்லி முடித்ததும் பிரதீபாவின் முகம் மாறியது. "ஏங்க, யாராவது போகலையா?"

சிவநந்தினி கேள்வியை வேறு பக்கம் திருப்பினாள். "கோவிலுக்குப் பக்கத்துல நீங்க ஒரு தண்ணிப் பந்தல்ல நிக்கிறீங்கன்னு வைங்க. எல்லாரும் வந்து குடிக்கிறாங்க, ஒருத்தர் மட்டும் வந்து பானைய ஒடைக்கிறாரு. அத மறப்பீங்களா? அந்த மாதிரி, கொங்கஹவெவயில உங்க கண்ணுல குத்தினது ஏதாவது? வீட்டுக்குள்ள வேணாம். ரோட்டுல நின்னு பார்த்தது."

பிரதீபா கிளாஸை மேசையில் வைத்தாள். "தண்ணின்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. வீடுகளுக்கு இலக்கம் போட நான் முதல் தடவ போனப்ப கடும் வரட்சி. ஊரே பவுசர் லொறி கொண்டு வந்த தண்ணிக்கு வாளியோட நின்னுச்சு. கிணறு இருக்கிறவங்க அதுக்குப் பூட்டுப் போடாத குறை. ஒரு வீட்டுல மட்டும் முத்தத்துக் கிணத்த மண் போட்டு மூடி, மேல வாழக்கன்னு நட்டிருந்தாங்க. மண்ணு புதுசு. குடிக்கத் தண்ணி கேட்டேன். அந்த வீட்டுப் பொண்ணு பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய் வாங்கிட்டு வந்து தந்துச்சு. வரட்சியில கிணறு மூடுற மனுசன நான் வேற எங்கயும் பார்க்கல."

"வீடு எதுன்னு கேக்க மாட்டேன்" என்றாள் சிவநந்தினி.

"கேக்காதீங்க." பிரதீபா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா வாழ இப்பக் குலை தள்ளியிருக்கும். ரோட்டுல இருந்தே தெரியும்."

ஆட்டோவை நோக்கி நடக்கும்போது அம்ஹர் தாழ்ந்த குரலில் சொன்னான். "அக்கா, ஒரு பொம்பளைய மறைக்கணும்னா இத விட நல்ல ஊர் கெடைக்காது. 'வெளிநாடு போயிட்டா'ன்னு சொன்னாப் போதும். ரெண்டாவது கேள்வி கேக்க ஆளே இல்ல."

"குவைத்தும் அவள எண்ணல, நாமளும் எண்ணல" என்றாள் சிவநந்தினி. ஆட்டோவுக்குச் சற்றுத் தள்ளி நின்று, தனக்குத் தெரிந்த சப் இன்ஸ்பெக்டர் கிஷாந்துக்கு அழைப்பெடுத்தாள். ஹமீமாவுக்குக் கேட்காத தூரத்தில் நின்றுதான் பேசினாள்.

*

குலை தள்ளிய வாழை மூன்று, றுஸ்னாவின் வீட்டின் இடது பக்கத்தில் நெருக்கமாக நின்றன. ஊரின் மற்ற முற்றங்களில் புல் காய்ந்திருந்தது. இந்த மூன்று வாழைகள் மட்டும் நன்றாகச் செழித்திருந்தன.

றுஸ்னாவின் கணவன் நிஸ்தார் உழவு மெஷினோடு வயலுக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்தவள் மகள் மபாஸா. பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பெண். தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரியும்மா அனுப்பினாங்க" என்றாள் சிவநந்தினி. "உங்க உம்மாவப் பத்திக் கேட்டுட்டுப் போக."

"உம்மா குவைத்துல." விளக்குமாறு நிற்காமல் சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகிய வேகம் அதில் இருந்தது.

சிவநந்தினி திரும்பி, தெருவில் நின்ற ஆட்டோவைப் பார்த்துத் தலையசைத்தாள். உள்ளே இருந்த ஹமீமா, வழியில் சொல்லிக்கொடுத்தபடியே, தங்கையின் இலக்கத்துக்கு அழைத்தாள்.

எங்கும் மணி அடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் மரப்பலகையில் வண்டு முட்டுவது போல ஓர் அதிர்வு கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

நிஸ்தாரின் அறையில்தான் அது இருக்கும் என்று எதிர்பார்த்து அம்ஹர் இரண்டு எட்டு வைத்தான். சத்தம் மற்ற அறையிலிருந்து வந்தது. அங்கே மேசையில் பாடப்புத்தகங்களும், ஒரு ஸ்கூல் பேக்கும் இருந்தன. அதிர்ந்தது அந்தப் பை.

மபாஸாவின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது.

"நீதானா எழுதின?" என்று கேட்டாள் சிவநந்தினி. குரலில் கோபம் இல்லை.

அந்தப் பெண் படியில் உட்கார்ந்துவிட்டாள். பேசத் தொடங்கியபோது நிறுத்த முடியாதவளாகப் பேசினாள். "உம்மா குவைத்துக்குப் போகல்ல மிஸ். ஒரு ஆளோட போயிட்டாங்களாம். உம்மா ஏன் கோல் எடுக்குறாங்க இல்லன்னு கேக்கக்குள்ள வாப்பாதான் சொன்னாரு. ஊருக்குத் தெரிஞ்சா தம்பியையும் என்னையும் காறித் துப்புவாங்க, என்ன யாரும் கலியாணம் முடிக்க மாட்டாங்கன்னு சொன்னாரு. வெளிநாடுன்னு சொல்லச் சொன்னாரு. இந்த ஊருல எல்லா உம்மாவும் வெளிநாடுதானே. யாரும் ஒண்டும் கேக்கல்ல. பெரியும்மாதான் விடாம மெசேஜ் போட்டுட்டே ஈந்தாங்க. பதில் வரல்லன்னா உம்மாவ ஏசுவாங்கன்னு நெனச்சி... நானே எழுதினேன்."

"வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போன் அலுமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்திச்சி. நான்தான் எடுத்து வெச்சிக்கிட்டேன்."

ஹமீமா அதற்குள் ஆட்டோவை விட்டு இறங்கி வந்து முற்றத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அழைப்பு நின்றுபோன கைத்தொலைபேசி இன்னும் கையில் இருந்தது. தங்கை என்று நினைத்து ஒன்பது மாதமாகத் தான் கொட்டியதெல்லாம் இந்தப் பெண்ணின் ஸ்கூல் பைக்குள் விழுந்திருக்கிறது என்பது அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது.

"மகள், ஒருத்தனோட வீட்ட விட்டுப் போறவ ஃபோன விட்டுட்டுப் போவாளா?" என்றாள் அவள். அவளே அறியாமல் வாயில் வந்த கேள்வி.

"நாங்க எடுத்துப் பேசக் கூடாதுன்னு விட்டுட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன் பெரியும்மா."

சிவநந்தினி படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமல் இருக்க முடியாத கேள்வி அது. அதற்காக அவள் தன்னையே கொஞ்சம் வெறுத்தாள். "மபாஸா, இந்தக் கிணறு எப்ப மூடினது?"

"நாங்க பெரியும்மா வீட்டுல ஈந்து வரக்குள்ள மூடித்தான் ஈந்திச்சி. பூன விழுந்து செத்துப் போச்சாம், தண்ணி நாறுதுன்னு வாப்பா..."

வாழைகளின் பக்கம் அவள் திரும்பவில்லை. முகத்தை ஹமீமாவை நோக்கி உயர்த்தினாள்.

"எங்க வீட்டுல பூன இல்லையே பெரியும்மா. அக்கம்பக்கத்துலயும் இல்லையே."

ஹமீமா ஓடி வந்து அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

*

உழவு மெஷினின் சத்தம் வளைவில் கேட்டபோது அம்ஹர் போய் வாசலை மறித்து நின்றான். நிஸ்தார் இறங்கி வந்தான். உயரமானவன், முழங்கால் வரை சேறு. முற்றத்தில் நின்ற ஹமீமாவைப் பார்த்தான். பையிலிருந்து வெளியே வந்து மகளின் மடியில் கிடந்த றுஸ்னாவின் கைத்தொலைபேசியைப் பார்த்தான். அதை அவன் எங்கெல்லாம் தேடியிருப்பான் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"யார் நீங்க? வெளியில போங்க."

"பொலிஸ் வந்துட்டு இருக்கு" என்றாள் சிவநந்தினி. "அவங்க இந்த வாழைய வெட்டுறதுக்கு முந்தி நீங்களே சொல்லிட்டா, உங்க மகள் தெரியாமத் தவிக்கிற ஒரு ராத்திரியாவது மிச்சமாகும்."

அவன் ஓடுவான் என்று அம்ஹர் எதிர்பார்த்தான். நிஸ்தார் ஓடவில்லை. உழவு மெஷினின் பெரிய சில்லில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்தான். பேசியபோது யாரையும் பார்க்கவில்லை.

"போக மாட்டேன்னு சொல்லிட்டா. ரெண்டு தடவ போய் வந்தவ. ஏஜென்சியில எல்லாம் பேசி முடிச்சிட்டேன், மறுநா வேன் வரணும். இனிப் போக மாட்டேன், புள்ளைகளோட ஈக்கப் போறேன்னு சொன்னா. ஊருல எல்லாப் பொம்பளைகளும் போறாளுகள், ஒனக்கு மட்டும் என்னன்னு கேட்டேன். 'அவளுகளும் போக விருப்பமில்லாமத்தான் போறாளுகள்'னு சொன்னா. அடிச்சேன். கிணத்துக் கட்டுல தலை பட்டுட்டு. அதோட மூச்சு நிண்டு மவுத்தாயிட்டா. ராத்திரியே ஏஜென்சிக்குக் கோல் எடுத்து, அவ வாறா இல்லன்னு வேன நிப்பாட்டிட்டேன்." நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டான். "விடியக்காலம் பக்கத்து வீட்டாள் கேட்டாரு, றுஸ்னா போயிட்டாளான்னு. வேன் வாறது எல்லாருக்கும் தெரிஞ்சு ஈந்ததுதானே. ஓம்னு சொன்னேன். அவ்வளவுதான். ஊருல வேற யாருக்கும் நான் ஒண்டும் சொல்ல வேண்டி வரல்ல."

சிவநந்தினி இத்தனை வருடத் தொழிலில் நிறையக் கதைகள் கேட்டிருக்கிறாள். எல்லாரும் ஒரு பொய்யைக் காப்பாற்றப் பத்துப் பொய் கட்டுவார்கள். ஊருக்குச் சொல்ல இவனுக்கு ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. மீதியை ஊர் தானாகவே நம்பிக்கொண்டது.

மகள் எழுந்து தந்தைக்கு எதிரில் வந்து நின்றாள். ஹமீமா பிடித்த கையை உதறவில்லை, அதை இழுத்துக்கொண்டே வந்தாள்.

"உம்மா ஒரு ஆளோட போனாங்கன்னு சொன்னீங்களே" என்றாள். "ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் நான் அவங்களத் திட்டித் துஆக் கேட்டேன் வாப்பா."

நிஸ்தார் அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டான்.

*

நீதவானின் உத்தரவோடு மறுநாள் காலை மண் தோண்டும் பெக்கோ வந்தது. தோண்டி முடிக்கப் பிற்பகலாகியது. வளவு வேலிக்கு வெளியே ஆண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் நின்றார்கள். றுஸ்னாவின் வயதுப் பெண் ஒருத்தியும் அந்தக் கூட்டத்தில் இல்லை. மேலே கொண்டுவந்தபோது ஹமீமா ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். உடுப்பைச் சொல்லி அடையாளம் காட்டினாள். கிஷாந்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மபாஸாவையும் தம்பியையும் அங்கே நிற்க விடாமல் அயல் வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். சிவநந்தினி போய் அவளிடம் விடைபெற்றபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் பொய்யா எழுதினதாலதானே மிஸ் யாரும் தேடல்ல?"

இல்லை என்று சொல்வது எளிது. சிவநந்தினி அதைச் சொல்லவில்லை. "நீ எழுதினதாலதான் பெரியும்மா நம்பிட்டு இருந்தாங்க. அது உண்மை. பெருநாளைக்கு முந்தின நாள் நீ எழுதின அந்த ஒரு மெசேஜ் இல்லாட்டி நாங்க இங்க வந்திருக்க மாட்டோம். அதுவும் உண்மை. ரெண்டையும் சேர்த்து வச்சுக்கோ."

அந்தப் பெண் தலையசைத்தாள். அதை அவள் எவ்வளவு தூரம் சுமக்க முடியும் என்று சிவநந்தினிக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இருவரும் ஹமீமாவோடு மாத்தளைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது.

ஆட்டோ குளக்கட்டை நோக்கித் திரும்பியபோது பின்னேர வெயில் சாய்ந்திருந்தது. ஊர் வழக்கத்துக்கு மாறான ஒரு சத்தத்தில் இருந்தது. அம்ஹர் வேகத்தைக் குறைத்தான். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும், அந்த வேலியிலிருந்து திரும்பி வந்த யாரோ ஒருவர் கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வீட்டில் தகப்பனும் பிள்ளைகளும் ஒரே திரைக்குள் தலையை நுழைத்திருந்தார்கள். "உம்மா, லைட்டப் போடுங்க, முகம் தெரியுது இல்ல" என்று ஒரு சின்னவன் கத்தினான். திரைக்குள்ளிருந்து ஒரு பெண் காரணம் தெரியாமல் சிரிப்பது கேட்டது. அடுத்த வளவில் ஒரு இளைஞன் திரையில் தெரிந்த பெண்ணின் முகத்தை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசி வீட்டு வாசலில் ஸக்கரியா என்ற கிழவர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். "தம்பி, இதக் கொஞ்சம் எடுத்துத் தாங்க. மகள் சவுதியில. கை நடுங்குது, பெயரத் தொட ஏலுது இல்ல."

அம்ஹர் பெயரைத் தொட்டுக் கொடுத்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி தொட்டான். மறுபடியும் ஓய்ந்தது. கிழவர் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நேரமாக இருந்தால் அம்ஹரிடம் இதற்கு ஒரு பகிடி இருந்திருக்கும். அவன் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி அவர் பக்கத்தில் நின்றுகொண்டான். சிவநந்தினியும் இறங்கினாள்.

மறுபடி, மறுபடி என்று தொட்டுக்கொண்டே இருந்தான். குளத்துக்கு மேலே கொக்குகள் அடையத் தொடங்கின.

திடீரென்று திரையில் வெளிச்சம். ஈரக்கையோடு, தலையில் துணி கட்டிய ஒரு பெண். பின்னால் ஏதோ தண்ணீர் ஓடும் சத்தம்.

"என்ன வாப்பா, வேல நேரத்துல இப்பிடி விடாம அடிக்கிறீங்க?" என்று அவள் எரிந்து விழுந்தாள். "மேடம் ஏசுறா. என்ன நடந்திச்சி?"

கிழவர் கைத்தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஒண்டுமில்ல மகள்" என்றார். "சாப்பிட்டியா?"